அடைத்துக்கொண்ட கியூசு: ககேகாவா தேநீரோடு ஒரு பருவம்

மே மாதக் கடைசியில் ஜப்பானின் ககேகாவா நகரில் வாங்கிவந்த 100 கிராம் 'செஞ்சா' என்ற பச்சைத் தேயிலை, முதல் ஒரு வாரத்துக்குக் கசப்பையும் துவர்ப்பையும் தவிர வேறொன்றையும் எனக்குத் தரவில்லை. அதே தேயிலையை மலையடிவாரக் கடையில் இருந்த மூதாட்டி ஊற்றிக் கொடுத்தபோது, பச்சைப் பட்டாணி வெந்த மணமும், விழுங்கிய பின்னும் நாக்கின் ஓரத்தில் தங்கிநின்ற இனிப்புமாக இருந்தது. இலை ஒன்றே, நீரும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பிழை என் கையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, தராசு, வெப்பமானி, கடிகாரம் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு குறிப்பெழுதத் தொடங்கினேன். பிழையில் ஒரு பாதி மட்டுமே கையில் இருந்தது என்பதும், மறுபாதி பாத்திரத்தில் ஒளிந்திருந்தது என்பதும் ஒரு மாதம் கழித்தே தெரியவந்தன. மே தொடங்கி ஜனவரி வரை எழுதிவைத்தவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

வேலை நிமித்தமாக நான் வசிப்பது ஷிசுவோகா மாகாணத்தின் மேற்கிலுள்ள ஹமாமட்சு நகரில். அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாதாரண ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ககேகாவா வந்துவிடும். நகருக்கு வடகிழக்கே 532 மீட்டர் உயரத்தில் நிற்கும் அவாகடாகே மலையின் சரிவில், ஹினோகி என்ற ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டு, தேநீரைக் குறிக்கும் 'சா' என்ற எழுத்தைப் பெரிதாக உருவாக்கியிருக்கிறார்கள். அந்த மலையடியில் உள்ள ஹிகாஷியாமா என்ற சிற்றூரின் தேயிலைதான் நான் வாங்கியது. பொதியின் மூலையில் மூன்று தேயிலைகள் வரைந்த ஒரு சிறு முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தின் பரப்போடு ஒப்பிடுகையில் எவ்வளவு புல்வெளியை அந்த விவசாயி பராமரிக்கிறார் என்பதற்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று இலைகள் என்று தரப்படும் சான்று அது.

தேயிலைப் பொதியில் புல்வெளிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இந்தப் பகுதியின் மரபான சாகுபடி முறைக்கு 'சாகுசபா' என்று பெயர். தேயிலைக்குப் போடும் புல் வளர்கிற இடம் என்பது அதன் நேர்ப்பொருள். தோட்டங்களைச் சுற்றியுள்ள சரிவுகளில் 'சுசுகி' என்ற உயரமான புல்லையும் குட்டை மூங்கில் வகைகளையும் வளரவிட்டு, இலையுதிர் காலத்தில் அறுத்து, காயவைத்து, நறுக்கி, தேயிலை வரிசைகளின் நடுவே மூடாக்காகப் பரப்புகிறார்கள். (ஹமாமட்சுவில் தலைமையகம் கொண்ட மோட்டார் நிறுவனத்தின் பெயருக்கும் இந்தப் புல்லுக்கும் தொடர்பில்லை, ஓர் எழுத்தொலி வேறு.) ககேகாவா, கிகுகாவா, ஷிமாதா, மாகினோஹாரா, கவானேஹோன் ஆகிய ஐந்து உள்ளாட்சிப் பகுதிகளில் இன்றும் நடக்கும் இந்த முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமைகளில் ஒன்றாக அறிவித்தது. சரிவில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமலும், களை முளைக்காமலும், வேர் குளிரில் விறைக்காமலும், கோடையில் ஈரம் வற்றாமலும் காக்கும் அந்தப் புல், ஆண்டுகள் பல கழிந்தபின் கையால் பிசைந்தால் பொலபொலவென்று உதிரும் மண்ணாகிவிடுகிறது. எங்கள் ஊர் விவசாயி இதைக் கேட்டால் புதிதாக ஒன்றும் இல்லை என்பார். புதிது, மூடாக்குக்கென்றே தனியாக ஒரு புல்வெளியைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காப்பதுதான்.

கோப்பையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நான் வாங்கியது, ஜப்பானியத் தேயிலைப் பரப்பில் பாதிக்கும் மேல் நிற்கும் 'யாபுகிதா' என்ற வகை. ஷிசுவோகாவைச் சேர்ந்த சுகியாமா ஹிகோசாபுரோ 1908ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்த செடி அது. மூங்கில் தோப்பைத் திருத்திய நிலத்தின் வடபுறத்தில் கிடைத்ததால் 'தோப்பின் வடக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார். கொழுந்து பறித்தவுடன் ஆவியில் வேகவைத்து நொதிகளின் வேலையை நிறுத்துவதால்தான் ஜப்பானியத் தேயிலை பச்சையாகவே இருக்கிறது. சாதாரணச் செஞ்சாவுக்கு 30 முதல் 40 நொடி ஆவி போதும். ஆனால் வெயில் நிறைய விழும் இந்தத் தாழ்ந்த குன்றுகளில் இலை தடித்து, துவர்ப்பேறி வளர்வதால், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் ஆவியில் வைக்கும் 'ஃபுகாமுஷி' என்ற ஆழ்ந்த வேகவைப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பக்கம் வேரூன்றியது. துவர்ப்பு அடங்குவதற்குக் கொடுக்கும் விலை, இலை நொறுங்கிப்போவது. பொதியைத் திறந்து தட்டில் கொட்டினால் ஊசி போன்ற இலைகளோடு பாதிக்குப் பாதி குருணையும் தூளுமாக விழும். முதலில் இதைப் பார்த்து, மலிவான சரக்கைத் தந்து ஏமாற்றிவிட்டார்களோ என்றுகூட எண்ணினேன். அந்தத் தூள்தான் இந்தத் தேநீரின் அடர்ந்த பச்சை நிறத்துக்குக் காரணம் என்பதும், என் தொல்லைகள் அனைத்துக்கும் காரணமும் அதுவே என்பதும் அப்போது தெரியாது.

முதல் நாள் செய்த பிழை, பாலில் தேயிலையைக் கொதிக்கவிட்டே வளர்ந்த எவரும் செய்யக்கூடியதுதான். கொதித்த நீரை நேராகக் கியூசுவில் ஊற்றி, நிறம் இறங்கட்டும் என்று 3 நிமிடம் காத்திருந்தேன். கிடைத்தது வேப்பங்கொழுந்துக் கஷாயத்துக்குத் தங்கை. கியூசு என்பது பக்கவாட்டில் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய சுடுமண் தேநீர்க் குடுவை. என்னுடையது பழைய பொருள் அங்காடியில் வாங்கிய தோகோனாமே என்ற மண்பாண்ட ஊரின் பாணியில் அமைந்த செம்மண் குடுவை. மூக்கின் அடியில், குடுவையின் சுவரிலேயே ஊசித்துளைகள் இட்டு வடிகட்டி அமைத்திருந்தார்கள். அழகான பொருள். அந்த அழகில் மயங்கியதால் வெகுநாள் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

ஜூன் முதல் வாரத்திலிருந்து முறையாகச் சோதிக்கத் தொடங்கினேன். இலை 5 கிராம், நீர் 150 மில்லி என்ற இரண்டையும் மாற்றாமல், முதலில் வெப்பத்தை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் ஊறவிட்டு, ஒரே வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துக் குடித்தேன். 90 டிகிரியில் மணம் தூக்கலாக இருந்தது, ஆனால் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு. 80 டிகிரியில் துவர்ப்பு ஒரு படி இறங்கியது. காலையில் பலகாரத்தோடு குடிக்கலாம், தனியாகக் குடிக்க முடியாது. 70 டிகிரியில்தான் கடையில் குடித்ததன் சாயல் முதன்முதலாகத் தெரிந்தது. 60 டிகிரியில் இனிப்பும், 'உமாமி' என்னும் சாரமான சுவையும் நன்றாக வந்தாலும், மணம் உள்ளேயே அடங்கிவிட்டது. வெதுவெதுப்பான பருப்புத் தண்ணீரைக் குடிப்பதுபோல் எனக்குத் தோன்றியது, இது என் நாக்கின் குறையாகவும் இருக்கலாம். பிறகு 70 டிகிரியை நிலைநிறுத்தி நேரத்தை மாற்றினேன். தூளான இலை என்பதால் சாறு விரைவாக இறங்கிவிடுகிறது. 90 நொடி அதிகம், 60 நொடியும் சற்று அதிகம், 40 நொடி பொருத்தமாக இருந்தது. சாதாரணச் செஞ்சாவுக்குப் பொதிகளில் அச்சிட்டிருக்கும் 1 நிமிடம், ஒன்றரை நிமிடம் என்ற கணக்கை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பத்தில் இவ்வளவு வேறுபாடு வருவதற்கான காரணம் இலையில் உள்ள பொருள்கள் கரையும் விதத்தில் இருக்கிறது. இனிப்புக்கும் உமாமிக்கும் பெரும்பங்கு தருவது தியானின் என்ற அமினோ அமிலம். அது தேயிலைச் செடியின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. மேலே வெயில் படப்பட, துவர்ப்புத் தரும் கேட்டச்சின்களை ஆக்குவதில் செலவாகிறது. குளிர்காலம் முழுவதும் சேமித்ததைக் கொண்டு துளிர்க்கும் முதல் கொழுந்தில் தியானின் மிகுந்திருப்பதும், கோடைக் கொழுந்தில் துவர்ப்பு மிகுந்திருப்பதும் அதனால்தான். வசந்தத் தொடக்கமாகக் கொள்ளப்படும் பிப்ரவரி 4 வாக்கிலிருந்து எண்ணி வரும் 88ஆவது நாளை, அதாவது மே மாதத்தின் முதல் இரண்டு நாள்களை ஒட்டிப் பறித்த தேயிலையை இங்கே தனியாகக் கொண்டாடுவதில் இந்தக் காரணமும் அடங்கியிருக்கிறது. தியானின் ஆறிய நீரிலும் எளிதில் கரைந்துவிடும். கஃபீனும் கேட்டச்சின்களும் நீரின் சூடு ஏற ஏறத்தான் வேகமாக இறங்கும். ஆக, நீரை ஆறவைப்பது சடங்கல்ல. எது முதலில் வெளியே வரட்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் வழி.

வெப்பமானி இல்லாமல் ஆறவைக்கும் வழியையும் அளந்து பார்த்தேன். குழாய்நீரைக் கொதிக்கவைத்து, கொதி வந்தபின் மூடியைத் திறந்து 2 நிமிடம் விட்டேன். இது குளோரின் வாசம் போவதற்காக. 98 டிகிரியில் இருந்த நீர், தடித்த பீங்கான் கிண்ணத்துக்கு மாறியதும் 86க்கு இறங்கியது. அங்கிருந்து 'யுசாமாஷி' என்னும், நீர் ஆற்றுவதற்கென்றே உள்ள வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றியபோது 77. இலையிட்ட கியூசுவில் ஊற்றியவுடன் 70. ஒரு மாற்றத்துக்குப் பத்து டிகிரி என்று இங்குள்ளவர்கள் சொல்லும் வாய்ப்பாடு, ஜூன் மாதச் சமையலறையில் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஜனவரியில் அதே வரிசையில் 64 வரை போய்விட்டது. ஜப்பானின் குழாய்நீர் பொதுவாக மென்னீர் என்பதால் நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு எடுத்துச்சென்ற 20 கிராமை எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டபோதுதான் அந்தக் கவலையின் அளவு புரிந்தது: பச்சை மங்கிப் பழுப்பேறி, மேலே மெல்லிய ஏடு படர்ந்து, சுவை இருந்த இடம் தெரியவில்லை. கேன் தண்ணீரில் போட்டபின் நிலைமை தேறியது.

இத்தனை செய்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. முதல் ஊறல் நன்றாக இருக்கும். இரண்டாம் ஊறல், எத்தனை விரைவாக வடித்தாலும், முதல் வாரத்துக் கசப்போடுதான் வரும். நல்ல செஞ்சா மூன்று முறை ஊறல் தரும் என்கிறார்கள்; எனக்கு ஒன்றோடு நின்றது. வெப்பத்தைக் குறைத்துப் பார்த்தேன், நேரத்தை 5 நொடிக்கு இறக்கிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் சுவைப்பதை நிறுத்திவிட்டு எடைபோடத் தொடங்கினேன். 150 மில்லி நீர் ஊற்றிய கியூசுவிலிருந்து கிண்ணத்துக்கு வந்தது 109 கிராம். ஊறிய இலை தன் எடையைப்போல் நாலு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று கொண்டால் 20 கிராம் கணக்கில் வந்துவிடுகிறது. மிச்சம் 21 கிராம் எங்கே? மூடியைத் திறந்து குடுவையைச் சாய்த்தால், மூக்குப் பக்கம் குவிந்த இலைச்சேற்றுக்குப் பின்னால் அது தேங்கி நின்றது. முதல் ஊறலைக் குடித்து முடித்து இரண்டாவதற்கு நீர் ஆறும்வரை, ஏழெட்டு நிமிடம், அந்தத் தேக்கம் இலையோடு சூடாகவே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாம் ஊறலில் நான் குடித்த கசப்பு, புதிதாக ஊற்றிய நீரினுடையது அல்ல, பழைய தேக்கத்தினுடையது.

வடிகட்டித் துளைகளை விளக்கொளியில் பார்த்தபோது பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. குண்டூசியால் குத்த வேண்டாம். உள்ளிருந்து குத்தினால் தூள் துளைக்குள் இன்னும் இறுகிவிடும், சுடுமண் விளிம்பும் பெயரும். நான் செய்தது எதிர்நீரோட்டம்: மூக்கைக் குழாயின் வாயோடு பொருத்தி நீரை மெதுவாகத் திறந்துவிட, அடைப்பு குடுவையின் உள்பக்கமாகக் கழன்று விழுந்தது. பிறகு வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் உள்பக்கத்தைத் தேய்த்தேன். மெருகிடாத மண்பாத்திரம் வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சோப்பு கூடாது. மூக்கின் நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழலையும் அப்போதுதான் கழற்றி எறிந்தேன். வண்டியில் வரும்போது மூக்கு உடையாமலிருக்கப் போடும் உறை அது; பயன்பாட்டுக்கு உரிய உறுப்பு என்று எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் அதை விட்டுவைக்கிறார்கள், உள்ளே கறையும் பூஞ்சையும் சேரும், ஊற்றும்போது சொட்டும் ஒழுகும்.

சுத்தம் செய்த கியூசு இரண்டு நாள் ஒழுங்காக வடித்தது. மூன்றாம் நாள் மீண்டும் அடைத்துக்கொண்டது. அடுத்த முறை ஹிகாஷியாமா போனபோது அந்த மூதாட்டியிடம் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, இது இலை உடையாத, குறைவாக வேகவைத்த தேயிலைக்கு ஏற்ற குடுவை என்றும், இவ்வூர்த் தேயிலைக்கு நுண்ணிய கம்பிவலை வேண்டும் என்றும் சொல்லி, தன் கியூசுவின் உள்ளே காட்டினார். குடுவையின் உள்சுற்று முழுவதும் பட்டைபோல் ஓடிய எஃகு வலை. ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் வழி இருக்கும். அன்று மாலையே அத்தகைய ஒன்றை வாங்கினேன். மண்ணின் அழகு இதில் குறைவு என்ற என் வருத்தம் முதல் ஊற்றலிலேயே தீர்ந்தது: 150க்கு 127 கிராம்.

ஆயினும் வலை மட்டும் வேலையை முடித்துவிடுவதில்லை; ஊற்றும் விதமும் மாற வேண்டியிருந்தது. குடுவையை ஒரேயடியாகக் கவிழ்த்து உலுக்கினால் இலைகள் மொத்தமாக மூக்கை நோக்கிப் பாய்ந்து வலையை மூடிவிடும், கூடவே கசப்பும் கலங்கி இறங்கும். மெதுவாகச் சாய்த்து, சற்றே நிமிர்த்தி, மறுபடி சாய்த்து என்று மூன்று நான்கு தவணையாக ஊற்றினால் நீர் இலையின் ஊடாக வழி கண்டுகொள்கிறது. மூடியிலுள்ள சிறுதுளை மூக்கின் பக்கம் இருக்கட்டும். காற்று உள்ளே புகாமல் நீர் சீராக வெளியே வராது. இரண்டு பேருக்கு என்றால் முதல் கிண்ணத்தில் சிறிது, இரண்டாவதில் சிறிது, பிறகு இரண்டாவதிலிருந்து திரும்பி முதலாவதுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். முதலில் வருவது வெளிர், கடைசியில் வருவது அடர்த்தி. கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்தபின், மூக்கின் எதிர்ப்புறத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, வலையில் ஒட்டிய இலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மூடியை அரைவாசி திறந்து வைப்பேன். ஆவி வெளியேறினால் இலை மேலும் வேகாது. இந்த ஒன்றைச் செய்யத் தொடங்கியபின் என் இரண்டாம் ஊறல் முதல் ஊறலுக்கு இணையாக வந்தது.

தேநீர் பற்றிய அறிவுரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வெப்பநிலையைப் பற்றியே பேசுகின்றன. என் குறிப்பேட்டின்படி, ஆழ்ந்து வேகவைத்த தேயிலைக்கு 5 டிகிரி முன்பின் ஆவதால் வரும் கேட்டைவிட, குடுவையில் 15 மில்லி தங்கிவிடுவதால் வரும் கேடு பெரிது. வடிப்பதைக் கற்றுக்கொண்டபின் 80 டிகிரியில்கூட ஒரு குறையும் சொல்லமுடியாத கோப்பை கிடைத்தது. இப்போது நான் பின்பற்றும் கணக்கு இதுதான்: 5 கிராம் இலைக்கு 150 மில்லி நீர், 70 டிகிரி, 40 நொடி. இரண்டாவதற்கு 80 டிகிரி நீரை ஊற்றி, 10 நொடி எண்ணி வடித்துவிடலாம். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதால் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவதற்கு 90க்கு மேல் சூடான நீர், 20 நொடி. இந்த மூன்றாவதில் இனிப்பு இராது, ஆனால் எண்ணெய்ப் பலகாரம் உண்டபின் வாயைத் துலக்கிவிடும் இதமான துவர்ப்பு இருக்கும்; எனக்கு அது பிடித்துவிட்டது.

மூன்றாம் ஊறலுக்குப் பின் மிஞ்சும் இலையையும் வீசுவதில்லை. மெல்லிய முதற்கொழுந்து என்பதால் கீரையைப்போல் உண்ணலாம்: பிழிந்து, சில துளி சோயா சாறும் வறுத்த எள்ளும் சேர்த்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். கொஞ்சம் கசக்கும். நீரில் கரையாத வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் இலையிலேயே தங்கிவிடுவன என்பதால் இப்படி உண்பதற்கு ஒரு நியாயமும் உண்டு; தூள் கலங்கிய ஃபுகாமுஷியைக் குடிப்பவர் இவற்றில் ஒரு பகுதியை அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டில் சூடாக எதையும் குடிக்க மனம் வராதபோது, 1 லிட்டர் குளிர்நீரில் 10 கிராம் இலையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 3 மணி நேரம் வைத்தேன். கஃபீன் குறைவாகவே இறங்குவதால் இரவிலும் குடிக்க முடிந்தது. இதில் எழுதிவைக்க வேறொன்றும் இல்லை. கெடுக்கவே முடியாத முறை.

நவம்பர் நடுவில் புல்லறுப்பைப் பார்ப்பதற்காகவே மீண்டும் ஹிகாஷியாமா போனேன். ஆளுயரத்துக்கு மேல் நின்ற சுசுகி, வெள்ளிப்பூக் கதிர்களோடு சரிவு முழுவதும் சாய்ந்தாடிக்கொண்டிருந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி, முதுகில் மாட்டிய இயந்திர அரிவாளால் அறுத்துக்கொண்டே போக, அவருடைய மனைவி பின்னால் கட்டுகளாகக் கட்டி, நுனிகளைச் சேர்த்துக் கூம்புபோல் நிறுத்திவைத்தார். அந்தக் கூம்புக்கு 'கப்போஷி' என்று பெயர். சில வாரம் வெயிலில் நின்று காய்ந்தபின் நறுக்கித் தோட்டத்துக்குப் போகும். எங்கள் ஊர் வைக்கோற்போரின் குழந்தைகள் என்று சொல்லத்தக்க அந்தக் கூம்புகளுக்கு நடுவே, அறுத்த இடத்தில் வெயில் தரையைத் தொட்டது. ஆண்டுதோறும் உயரப் புல் நீக்கப்படுவதால்தான், நீலப் பூப்பூக்கும் கிக்யோ போன்ற சிறு செடிகள் அடியில் பிழைத்திருக்கின்றன. ஜப்பானின் பிற இடங்களில் புல்வெளிகள் காடாகவும் கட்டடமாகவும் மாறிப்போனபின், அருகிவிட்ட இனங்கள் பலவற்றுக்கு இந்தத் தேயிலைச் சரிவுகள் அடைக்கலமாகிவிட்டன. சிறகில்லாத வெட்டுக்கிளி ஒன்று ககேகாவாவின் பெயரையே தாங்கி இப்பக்கம் வாழ்கிறது. பறந்து இடம்பெயர முடியாத பூச்சி ஓரிடத்தில் நிலைத்திருப்பதே அந்தப் புல்வெளி நெடுங்காலம் கலையாமல் இருந்ததற்குச் சாட்சி.

புல் போட்டால் தேநீரின் சுவை கூடுமா என்று அந்த விவசாயியிடம் கேட்டேன். கூடும் என்றுதான் அப்பா சொன்னார், தாத்தாவும் சொன்னார், போடாமல் இருந்து பார்த்ததில்லை என்றார். இதைவிட நேர்மையான பதிலை எந்தப் பொதியிலும் நான் படித்ததில்லை. இந்த உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. சமதளத்தில் ஏறி ஓட்டும் அறுவடை இயந்திரங்களோடு சாகுபடி செய்யும் தெற்கிலுள்ள ககோஷிமா மாகாணம், 2024ஆம் ஆண்டின் முதனிலைத் தேயிலை (முதற்கட்டப் பதப்படுத்தல் மட்டும் முடிந்த தேயிலை) உற்பத்தியில் ஷிசுவோகாவை முதன்முறையாக முந்திவிட்டது. சரிவில் கட்டுக் கட்டாகப் புல் சுமப்பவர்களின் கணக்கு அந்தப் பந்தயத்துக்கு ஒத்துவராது.

அன்று வாங்கிய இரண்டாவது பொதியைத்தான் ஜனவரியில் பாழாக்கினேன். திறக்காத பொதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரி. ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தேன். கணப்பு எரிந்துகொண்டிருந்த அறையின் ஈரக்காற்று குளிர்ந்த இலைமேல் படிந்தது. அரை நாளாவது வெளியே வைத்து அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பச்சை மணம் போய், பழைய காகிதத்தின் வாசம் வந்துவிட்டது. ஈரம் பட்டதே தவிரப் பூஞ்சை பிடிக்கவில்லை என்பதால் வறுத்துப் பார்க்கத் துணிந்தேன். மணமிழந்த செஞ்சாவை வறுத்து 'ஹோஜிச்சா' ஆக்கிக்கொள்வது இங்கே வீடுகளில் உள்ள வழக்கம்தான்.

முதல் தடவை அப்படியே வாணலியில் கொட்டி வறுத்தபோது, தூள் முழுவதும் கருகி, இலை பாதி பச்சையாகவே நின்றது. இரண்டாம் தடவை, மாவு சலிக்கும் சல்லடையில் தூளைப் பிரித்துவிட்டு, தங்கிய இலையும் காம்பும் மட்டுமாக 20 கிராம் எடுத்துக்கொண்டேன். தோசைக்கல்லைத் தொடவில்லை, எத்தனை கழுவினாலும் நல்லெண்ணெய் வாசம் அதை விட்டுப் போகாது. எண்ணெய் காணாத உலர்ந்த வாணலியைச் சிறுதீயில் சூடேற்றி, இலையைப் போட்டு, கையை எடுக்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். 2 நிமிடத்தில் புல் வாசம் எழுந்து அடங்கியது. நான்காவது நிமிடத்தில் பொரிகடலை வறுபடுவது போன்ற இனிய மணம் வந்து, காம்புகள் முதலில் பழுப்பேறின. விரும்பிய நிறத்துக்கு ஒரு படி முன்பாகவே இறக்கித் தாம்பாளத்தில் பரப்பிவிட வேண்டும். வாணலியை விட்டு வந்தபின்னும் இலை தன் சூட்டிலேயே சிறிது நேரம் வறுபடும்.

ஹோஜிச்சாவுக்கு ஆறவைத்த நீர் தேவையில்லை. 4 கிராம் இலையில் கொதிநீர் 200 மில்லியை நேராக ஊற்றி, 30 நொடி விட்டு வடித்தேன். இதற்காக அலமாரியின் பின்வரிசையிலிருந்து பழைய செம்மண் கியூசுவை மீண்டும் எடுத்திருந்தேன். வறுத்த வாசம் ஏறிவிட்டால் வேறெதற்கும் ஆகாது என்பதால் புதியதைக் கெடுக்க மனமில்லை. தூள் நீங்கிய முரட்டு இலையும் காம்பும்தானே. ஊசித்துளைகள் ஒன்றுகூட அடைக்கவில்லை. ஒரே சாய்ப்பில், கம்பியாக, கடைசிச் சொட்டுவரை வடிந்தது.